வேருக்கு அனுப்பிய நினைவூட்டல்கள்

தேசி மரம் விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கற்பிட்டிப் பக்கம் எந்தச் சத்தமும் தனியாகக் கேட்பதில்லை. கூரைத் தகரம், தென்னோலை, படலை எல்லாம் ஒரே நேரத்தில் கதைத்துக்கொண்டிருக்கும். காலையில் முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனேன். வேலிக்கு அப்பால் வெளிச்சம் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்தது. எங்கிருந்து வருகிறது என்று நிமிர்ந்து பார்த்தபோதுதான் மரம் நின்ற இடத்தில் வெறும் வானம் தெரிந்தது.

அந்த எலுமிச்சை மரம் பக்கத்து வீட்டு ராத்தாவுடையது. அவர் தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து வந்தவர். நான் சில வருடங்கள் பிந்தி யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள். இருவரும் கொஞ்ச நாளைக்கு என்று வந்து, திரும்பிப் போவதைப் பற்றிக் கதைப்பதையும் விட்டுவிட்டு, ஒரு கிடுகு வேலியைப் பங்கு போட்டுக்கொண்டு இருக்கிறோம். அவருக்கு என்னைவிட நான்கு வயது கூட; அதனால்தான் எனக்கு ராத்தா, அக்கா. ஆனாலும் என்னை "மிஸ்" என்றுதான் கூப்பிடுவார். ஒரு பிரதேச செயலகத்தில் முப்பத்து மூன்று வருடம் இருந்து நிர்வாக உத்தியோகத்தராக ஓய்வு பெற்றவள் நான். இந்த நாட்டில் கந்தோர்க் கதிரையில் இருந்த பெண், கலியாணம் கட்டினாலும் பேரப்பிள்ளை கண்டாலும் சாகும்வரை மிஸ்தான். அதற்குச் சுற்றறிக்கை எதுவும் இல்லை, ஆனால் எல்லாரும் ஒழுங்காகப் பின்பற்றுகிறார்கள்.

ராத்தா ஊறுகாய் போட்டு விற்பவர். உச்சமுனைப் பக்கம் குடிசை போட்டுத் தங்கிக் கடல்தொழில் செய்கிறவர்களுக்குச் சோற்றோடு வேறு கறி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ராத்தாவின் ஊறுகாய் வேண்டும். அந்த மரத்துக் காயின் தோல் கடதாசி போல மெல்லியது. உப்பில் கிடந்தால் கரைந்துவிடும், கசக்காது. சந்தைத் தேசிக்காயின் தோல் தடிப்பு; அதில் ஊறுகாய் போட்டால் எத்தனை நாள் வெயிலில் வைத்தாலும் கசப்புப் போகாது. கணவர் இறந்த பிறகு ராத்தா யாரையும் அண்டாமல் தன் வீட்டில் இருந்தது அந்த ஒரு மரத்தால்.

நான் வேலியைத் தாண்டிப் போனபோது அவர் விழுந்த மரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்து காய்களை ஆய்ந்து பேசினில் போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மகளும் வந்து நின்றாள். மதுரங்குளியில் கணவன் பிள்ளைகளோடு இருப்பவள், பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியை. செய்தி கேட்டு முதல் பஸ்சில் வந்திருந்தாள். வெகுகாலமாக உம்மாவைத் தன்னோடு வந்திருக்கச் சொல்லிக் கேட்கிறவள், இனியாவது வாங்க என்றாள். ராத்தா காய் ஆய்வதை நிறுத்தவில்லை.

"இந்த மரத்துட கம்பு ஒண்டாவது துளிர்த்தா அதுக்குத் தண்ணி ஊத்த நான் இங்க இருக்கோணும். ஒண்டும் துளிர்க்காட்டி டிசம்பர் லீவுக்கு வாறன். ஒன்ட வீட்டுல சோத்துக்குக் காத்திருக்கிறன்."

கடைசி வசனத்தை அவர் சொன்ன விதத்தில் மகள் பக்கத்தில் குந்தித் தானும் காய் ஆயத் தொடங்கினாள்.

கம்பு என்ற சொல் கேட்டதும் எனக்குள் ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் எழுந்து நின்றார். ஆணிவேர் முறிந்த மரம் பிழைக்காது, ஆனால் இலைகள் இன்னும் ஓரிரு நாள் பச்சையாக இருக்கும், அதற்குள் துண்டங்கள் வெட்டி வேர்விடச் செய்யலாம் என்றேன். பென்சில் தடிப்பம், நான்கு கணு, அடியில் சரிவாக ஒரு வெட்டு, மேலே இரண்டு இலை, இலையும் பாதியாக நறுக்கப்பட வேண்டும். விவசாயத் திணைக்களத் துண்டுப்பிரசுரங்களை நான் காதல் கதைகளைப் போல வாசிப்பவள். பதினான்கு நல்ல துண்டங்கள் தேறின.

ராத்தா பாதியைத் தன் கிணற்றடி ஈரத்தில் ஊன்றப் போவதாகச் சொன்னார். நான் விடவில்லை. ஒரு விடயத்துக்கு இரண்டு கோப்புத் திறந்தால் இரண்டும் உருப்படாது என்பது என் சேவைக்கால அனுபவம். அப்படியே சொன்னேன். ராத்தா பதினான்கையும் ஈரச் சாக்கில் சுற்றி என் கையில் தந்தார்.

மதுரங்குளிக் கடை ஒன்றில் வேர் மருந்து வாங்கினேன். சின்னப் போத்தலில் திரவம். தண்ணீரில் கலந்து துண்டத்தின் அடியைச் சில விநாடி நனைத்து நட வேண்டும் என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. மூன்றையும் வாசித்தேன். தமிழில் ஒரு பிழை இருந்தது. திருத்தி எழுதிக் கம்பனிக்குக் கடிதமும் போட்டேன், பதில் இன்னும் இல்லை. பிறகு பிளாஸ்திக் தண்ணீர்ப் போத்தல்களின் கழுத்தை வெட்டி, மணல் நிரப்பி, துண்டங்களை நனைத்து ஊன்றினேன். வேருக்கு வெளிச்சம் ஆகாது என்பதால் ஒவ்வொன்றையும் கறுப்புக் கடதாசியால் சுற்றி இலக்கம் எழுதினேன். ஒரு பதிவேடு திறந்தேன். எல்லாம் விதிப்படி நடந்தது.

விதிப்படி நடக்காதது அடுத்த திங்கட்கிழமை.

கந்தோரில் ஒரு கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் நினைவூட்டல் அனுப்புவோம். அதற்கும் பதில் இல்லாவிட்டால் இரண்டாம் நினைவூட்டல். பிறகு மூன்றாவது, சிவப்பு மையில் அடிக்கோடிட்டு. நினைவூட்டல் அனுப்பாமல் ஒரு கோப்பைச் சும்மா வைத்திருப்பது கடமையில் கவனயீனம். என் கீழ் வேலை பார்த்தவர்கள் திங்கட்கிழமை காலையில் என் மேசைப் பக்கம் வராமல் சுற்றிப் போவார்கள். பதினான்கு துண்டங்களும் ஏழு நாள், ஒரு முழுக் கிழமை, எந்தப் பதிலும் தராமல் நின்றன. நான் என்ன செய்வேன்? அதே மருந்தை இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி ஒவ்வொரு போத்தலிலும் ஒரு மேசைக்கரண்டி ஊற்றினேன். பதிவேட்டில் "முதலாம் நினைவூட்டல்" என்று எழுதினேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஐந்து நினைவூட்டல்கள் போயின. ஐந்தாவதில் மருந்து கொஞ்சம் தடிப்பு. சிவப்பு மை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குள் ராத்தாவின் கடைசிக் காய்கள் முடிந்து, சந்தைக் காயில் போட்ட முதல் சாடி வெளியே போய்விட்டது. உச்சமுனையிலிருந்து வந்த ஒருவர் பாதிப் போத்தலைத் திருப்பிக் கொண்டுவந்து, ராத்தாவுக்குச் சுகமில்லையா என்று மரியாதையாகக் கேட்டாராம். அதை ராத்தா என்னிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு வேலிக்கு மேலால் போத்தல்களை எட்டிப் பார்த்து வேர் வந்துவிட்டதா என்று கேட்டார். நடவடிக்கையில் இருக்கிறது என்றேன். முப்பத்து மூன்று வருடம் பொதுமக்களுக்குச் சொன்ன பதில் அது. முதல் தடவையாக, அதைச் சொன்ன கையோடு நான் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அடுத்த நாள் ஏழாம் இலக்கத்தை மெதுவாக இழுத்துப் பார்த்தேன். அது எதிர்ப்பில்லாமல் வந்தது. அடியில் விரல் கணுவின் மொளி போல ஒரு வீக்கம். அதைச் சுற்றிக் குரங்கு முலைக்காம்பு போலக் குட்டை குட்டையான வெள்ளை முளைகள். வேர் என்று சொல்லக்கூடியது ஒன்றும் இல்லை. இரண்டாம் இலக்கமும் அப்படித்தான். இரண்டையும் திரும்ப ஊன்றிவிட்டு கதிரையில் இருந்தேன். அன்று மத்தியானம் சமைக்கவில்லை.

சனிக்கிழமை மகள் உம்மாவைப் பார்க்க வந்தபோது வேலியோரம் கூப்பிட்டு ஏழாம் இலக்கத்தைக் காட்டினேன். பிள்ளை என்றுதான் நான் அவளைக் கூப்பிடுவது. அவள் அதை மூக்குக்குக் கிட்டப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, மருந்து எத்தன தரம் போட்டீங்க?"

நான் பதிவேட்டைக் கொடுத்தேன். பொய் சொல்லலாம் என்று ஒரு நொடி தோன்றியது உண்மை. ஆனால் என் கையெழுத்தில் நேரம் உட்பட எழுதப்பட்டிருக்கிறதே. அவள் பக்கத்தைப் புரட்டினாள். "மூன்றாம் நினைவூட்டல்" என்ற இடத்தில் நின்றாள்.

"கம்புக்கா அனுப்பினீங்க?"

"ஓம், பிள்ளை."

சிரிப்பை அடக்க அவள் வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. பிறகு அடுப்படிக் கதிரையில் வந்திருந்து, பாடசாலையில் ஒன்பதாம் ஆண்டுக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். அந்த மருந்து, செடி தானே உண்டாக்குகிற ஒட்சின் என்ற வளர்ச்சி ஓமோனுக்கு உறவு. வெட்டிய கம்பில் வேர் பிறக்க அது நிறைய வேண்டும். ஆனால் முதல் சில நாளைக்கு மட்டும். "பொறந்த வேர் நீளுறதுக்கு அது கொறையோணும், ஆன்ட்டி. நீங்க கொறைய விடல்ல." தண்டை நீட்டுகிற அளவு வேரை நிறுத்திவிடுமாம். வேருக்குத் தேவைப்படுவது மிக மிகக் கொஞ்சம்.

நான் நம்பவில்லை. ஒரு பொருள் ஒரே உடம்பில் மேலே முடுக்கும், கீழே தடுக்கும் என்றால் அதை எழுத்தில் பார்க்காமல் ஏற்க எனக்குப் பழக்கமில்லை. எழுத்தில் வேண்டாம், பயறில் பாருங்கள் என்றாள் அவள்.

என் வாழ்க்கையின் மிக நல்ல மூன்று கிழமைகளில் ஒன்று, அறுபத்தாறு வயதில், ஐந்து ஊறுகாய்ப் போத்தல்களோடு தொடங்கியது. போத்தல்கள் ராத்தாவிடம் வாங்கியவை. எதற்கு என்று அவர் கேட்டதற்குப் பரிசோதனை என்று மட்டும் சொன்னேன். போத்தல் வாயில், நுளம்பு கடிக்காமல் தொங்கவிடும் வலையில் ஒரு துண்டைக் கட்டி, அதன் மேல் முளைவிட்ட பயறுகளை வேர் கீழே தொங்கும்படி வைக்க வேண்டும். முதலாவதில் வெறும் தண்ணீர். இரண்டாவதில் மருந்து ஒரு துளியிலும் துளி. அடுத்தடுத்ததில் பத்து மடங்கு பத்து மடங்காகக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். எங்கள் கிணறு உப்பு என்பதால் குடிதண்ணீர் இயந்திரத்தில் வடித்த தண்ணீரைக் கானில் வாங்கி வந்தேன்.

முதல் தடவை ஐந்து போத்தலிலும் பயறு வதங்கியது. வெறும் தண்ணீரிலும்தான். தண்ணீரே நஞ்சு என்று முடிவெழுத இருந்தேன். போத்தலை முகர்ந்து பார்த்தபோது காரணம் தெரிந்தது: பல வருட ஊறுகாய் உப்பு, மூடிப் புரிக்குள் இருந்து கரைந்து வந்திருக்கிறது. போத்தல்களைக் கொதிநீரில் அவித்துத் திரும்பத் தொடங்கினேன்.

மூன்றாம் நாள் காலை தேத்தண்ணீர் ஆறிப்போனது எனக்குத் தெரியாது. வெறும் தண்ணீரில் இருந்த வேர்கள் நீளமாக, நேராக, சின்னப் பிள்ளை வரைந்த மழைபோல இறங்கியிருந்தன. இரண்டாவதிலும் அப்படித்தான், ஆனால் பக்கங்களில் மெல்லிய கிளைகள் கூடுதலாக. மூன்றாவதில் நீளம் பாதி, கிளைகளோ போத்தல் கழுவுகிற தூரிகை. நான்காவதில் வேர் நின்றே விட்டது. தடித்த குற்றி, சுற்றிவரக் குட்டை முளைகள். என் ஏழாம் இலக்கத்தின் சின்னத் தம்பி. ஐந்தாவதில் மண்ணிறம், மரணம். ஐந்து போத்தலையும் யன்னல் வெளிச்சத்தில் வரிசையாக வைத்தபோது என் பிழை ஒரு படிக்கட்டுப் போல இடமிருந்து வலமாக இறங்கிப் போவது தெரிந்தது. என் பிழையை அவ்வளவு அழகாக வேறு யாரும் எனக்கு அடுக்கிக் காட்டியதில்லை. கவலைப்பட வேண்டிய நேரம். நான் நீளம் அளக்க அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு போத்தலுக்குப் போத்தல் ஓடிக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து தொலைபேசியில் ஆய்வுக் கட்டுரைகளை வாசிக்கத் தொடங்கினேன். அவற்றின் ஆங்கிலம் எங்கள் சுற்றறிக்கைகளைவிட மோசம். யார் என்ன செய்தார் என்பதை இறுதிவரை சொல்ல மாட்டார்கள். ஆனால் எனக்கு அந்த மொழி தண்ணீர்பட்ட பாடு. அகராதியும் பிள்ளைக்கு அடித்த தொலைபேசி அழைப்புகளும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன.

அவற்றில் கண்டது இதுதான். ஒட்சின் பெரும்பாலும் தளிரில் உண்டாகி, உயிர்க்கலத்திலிருந்து உயிர்க்கலமாகக் கீழே கைமாறி வேர் நுனிக்கு வருகிறது. ஒவ்வொரு கலத்துக்கும் அதை வெளியே அனுப்பும் வாசல்கள் உண்டு. வாசல் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் ஓட்டம். வேர் நுனியும் தனக்கென்று கொஞ்சம் செய்துகொள்கிறது. வரத்து இரண்டு வழியாக இருக்க, அளவு மட்டும் கூடாமல் குறையாமல் நிற்க வேண்டும். எப்படி நிற்கிறது என்று கேட்டுக்கொண்டே நான் இரண்டு நாள் முற்றம் கூட்டினேன்.

மிஞ்சும் ஒட்சினைச் செடி இரண்டு விதமாகக் கையாள்கிறது. ஒன்று, ஒட்சிசன் ஏற்றி ஒன்றுக்கும் உதவாததாக்கிவிடும். மற்றது, ஒரு அமினோ அமிலத்தோடு சேர்த்துக் கட்டிவிடும். கட்டப்பட்ட ஒட்சின் அங்கேயே இருக்கும், ஆனால் அதன் பேச்சு எடுபடாது. சில கட்டுகளைத் தேவைப்படும்போது அவிழ்க்கலாம். சிலவற்றை அவிழ்க்கவே முடியாது, அழிவுக்குப் போகும் வழியில் அவை ஒரு தரிப்பிடம். என்னைக் கதிரையிலிருந்து எழுப்பிய விடயம் அடுத்தது. கட்டுகிற அந்த நொதியத்தை உண்டாக்கச் சொல்லிக் கட்டளை போடுவது யார்? ஒட்சினேதான். அது கூடக் கூட அதைக் கட்டுகிற கைகளும் கூடும். அது குறைந்தால் கைகளும் குறையும். மேற்பார்வை இல்லை, மேலிடத்து அனுமதி இல்லை, கூட்டம் இல்லை, கூட்டக் குறிப்பும் இல்லை. வருகிற கடிதம் தன்னைக் கோப்பில் போட ஆளையும் கையோடு கூட்டி வருகிறது. முப்பத்து மூன்று வருடமாக அப்படி ஒரு கந்தோரை நான் தேடினேன். அது என் பின்முற்றத்து மணலுக்குள், நான் மிதித்த புல்லின் அடியிலெல்லாம், ஒழுங்காக நடந்துகொண்டிருந்திருக்கிறது.

அந்த ஒழுங்குக்குள்தான் நான் ஐந்து நினைவூட்டல்களை ஊற்றியிருந்தேன்.

பிள்ளை அடுத்த சனிக்கிழமை வந்து போத்தல் படிக்கட்டைப் பார்த்துவிட்டு, நான்காம் போத்தல் பயறுகளில் பாதியைக் கழுவி வெறும் தண்ணீரில் வைக்கச் சொன்னாள். மருந்து வருவது நின்றால், உள்ளே இருப்பதைச் செடி கட்டியும் உடைத்தும் இறக்கிவிடுமா என்று பார்ப்போம் என்றாள். தலவிலத் தேவாலயத் திருநாளுக்குப் போகிற பஸ்கள் எங்கள் தெருவை நாள் முழுக்கத் தூசியாக்கிய கிழமை அது. கதவு யன்னல் எல்லாம் சாத்தி வைத்துக்கொண்டு நான் போத்தலுக்கு முன்னால் இருந்தேன். இரண்டு நாள் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாளும் இல்லை. ஐந்தாம் நாள் காலை, அந்தக் குற்றிகளின் பக்கத்து முளைகளில் இரண்டு, தலைமயிர்த் தடிப்பில் நீண்டு கீழே பார்த்தன. பழைய மருந்திலேயே விட்ட மற்றப் பாதி அப்படியே குற்றியாக நின்றது.

பிள்ளைக்குத் தொலைபேசி அடித்துச் சொன்னேன். அவள் பாடசாலையில் இருந்தாள். வகுப்புச் சத்தத்துக்கு நடுவே இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அவள் சந்தோஷப்பட்டாள். பிறகு, "உம்மாட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள். பயறைப் பற்றி அவள் கேட்கவில்லை.

ராத்தா முற்றத்தில் சந்தைக் காயை நாலாகப் பிளந்து உப்படைத்துக்கொண்டிருந்தார். நான் எதிரே பலகையில் இருந்தேன். எப்படித் தொடங்குவது என்று வேலியருகே ஒத்திகை பார்த்த வசனங்கள் எல்லாம் செயப்பாட்டு வினையில் இருந்தன. அவற்றை விட்டேன்.

"ராத்தா, உங்கட கம்புகளை நான் கெடுத்துப்போட்டன். ஒருக்கா ஊத்த வேண்டிய மருந்தை அஞ்சு திங்களும் ஊத்தினனான்."

அவர் கத்தியை நிறுத்தவில்லை.

"தெரியும்."

"எப்பிடி?"

"திங்கக்கெழம காலையில வேலிக்கு முதுகக் காட்டிக்கொண்டு நிப்பீங்க. நல்ல வேல செய்றவங்க அப்பிடி நிக்க மாட்டாங்க, மிஸ்."

பிறகு ஏன் கேட்கவில்லை என்றேன். கேட்டிருந்தால் இரண்டாவதோடு நின்றிருக்குமே.

"மிஸ்ஸுக்குத் தெரியாத வேலையாண்டு நெனச்சன்."

அதில் குத்தல் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். இருக்கவில்லை. அவர் உண்மையிலேயே அப்படித்தான் நினைத்திருந்தார். நான் பயறுப் போத்தல்களைக் கொண்டுவந்து காட்டினேன். கழுவிய பயறு திரும்ப வேர்விட்டதைக் காட்டினேன். துண்டங்களுக்கும் அதையே செய்து பார்க்கலாம், கழுவிப் புதுமணலில் வைக்கலாம் என்றேன். அவர் போத்தலை வெயிலுக்கு உயர்த்திப் பார்த்தார், ஊறுகாயின் நிறம் பார்ப்பதுபோல.

"எத்தன கம்பு தப்பும்?"

"தெரியாது, ராத்தா."

பார்க்கிறேன், செய்விக்கிறேன், மேலிடத்துக்கு எழுதுகிறேன் என்று ஒன்றும் சேர்க்காமல் அந்தச் சொல்லை நான் தனியாகச் சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

அன்று பின்னேரமே இருவருமாகப் பதினான்கு துண்டங்களையும் எடுத்தோம். நான்கு அழுகிவிட்டன. பத்தை வடித்த தண்ணீரில் மூன்று தடவை அலசி, கழுவிக் காயவைத்த புது மணலில் புதுப் போத்தல்களில் வைத்தோம். கறுப்புக் கடதாசி திரும்பச் சுற்றினேன். நிமிர்ந்தபோது மேசையில் மருந்துப் போத்தலைக் காணவில்லை. ராத்தா அதை முந்தானைக்குள் வைத்திருந்தார்.

"இது என்ட அலுமாரில இரிக்கட்டும். சாவி என்னட்ட."

நிபந்தனை இன்னொன்றும் போட்டார். வெள்ளிக்கிழமைகளில் மட்டும்தான் கடதாசியைப் பிரித்துப் பார்க்கலாம், அதுவும் அவர் இருக்கும்போது. தண்ணீர் அவர் ஊற்றுவார். எனக்கு ஒதுக்கப்பட்ட வேலை சும்மா இருப்பது. அதற்கு நான் பயிற்சி பெற்றவள் அல்ல. அரசாங்க உத்தியோகத்தர்கள் எல்லாரும் அதில் தேர்ந்தவர்கள் என்று வெளியே ஒரு கதை உண்டு. என்னைப் பொறுத்தவரை அது அபாண்டம். திங்கட்கிழமை காலைகளில் கையைக் கட்டிக்கொண்டு வாசல் பக்கம் இருந்தேன். பின்முற்றத்துக்குப் போனால் கை தானாக மேசைக்கரண்டியைத் தேடியது.

முதல் வெள்ளி ஒன்றும் இல்லை. இரண்டாம் வெள்ளி இரண்டு துண்டம் இலை கொட்டிக் காய்ந்தது. அந்தக் கிழமை பிள்ளை வந்து, மதுரங்குளி வீட்டின் பின்னறையை உம்மாவுக்காக வெள்ளையடிக்கக் கதைத்திருப்பதாகச் சொன்னாள். உம்மாவைக் கிட்டே வைத்துக்கொள்ள ஆசைப்படுகிற மகள்தான், அதே கையால் கடதாசியின் மேல் ஈரம் பார்த்து, கொஞ்சம் நிழலுக்கு நகர்த்தி வைத்துவிட்டும் போனாள். மூன்றாம் வெள்ளி இன்னொன்று போனது. ஏழு மிஞ்சியது. வெள்ளிதோறும் ராத்தாவுக்கு ஒரே வேலை: தொழுதுவிட்டு வந்து கடதாசியைப் பிரிப்பார், பார்ப்பார், சுற்றுவார், போவார். காற்றும் அந்த நாட்களில் குறைந்துவிட்டது. எல்லாச் சத்தமும் தனித்தனியாகக் கேட்டது, அவர் பெருமூச்சு உட்பட.

நான்காம் வெள்ளி நான் பார்க்கப் பயந்து நின்றேன். பதினோராம் இலக்கத்தைப் பிரித்தது ராத்தா. போத்தலின் சுவரோரம், மணலுக்கும் பிளாஸ்திக்குக்கும் நடுவில், வெள்ளையாக ஒரு கோடு. நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தேன். கோடு அல்ல. நுனியில் மங்கிய மஞ்சள் தொப்பியோடு, மணல் துணிக்கை ஒன்றைச் சுற்றி வளைந்து, கீழே போய்க்கொண்டிருந்தது. அந்த நுனிக்குள் இந்த நொடியில் வருவது எவ்வளவு, கட்டுவது எவ்வளவு, உடைப்பது எவ்வளவு என்று எனக்குத் தெரியும் போல இருந்தது. தெரியாது, ஆனால் அப்படி இருந்தது. இரண்டாம் இலக்கத்தில் மூன்று வேர். பதின்மூன்றில் ஒன்று. ஏழாம் இலக்கம், நான் பிடுங்கி அவமானப்பட்ட அந்த ஏழாம் இலக்கம், மொளியைச் சுற்றி ஒரு தாடியே வளர்த்திருந்தது. நான் என்னென்னவோ சொல்லிக்கொண்டே போனேன். அமினோ அமிலம், நொதியம், வாசல், எல்லாவற்றையும்.

ராத்தா என் கதை முடியும்வரை காத்திருந்தார். "அல்ஹம்துலில்லாஹ்" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு தொலைபேசியை எடுத்து மகளுக்கு அடித்தார்.

"மவள், அறைக்கு வெள்ளையடிக்க வேணாம். நாலு கம்பு வேர் விட்டிரிக்கி."

அந்தப் பக்கம் மகள் ஏதோ கேட்டாள். ராத்தா என்னைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"ஓம், மிஸ் இங்கதான் நிக்கிறா. கையில ஒண்டும் இல்ல. பாத்துட்டன்."

காய்க்க மூன்று வருடமாவது செல்லும் என்று நான் எச்சரித்தேன். மூன்று வருடமும் சந்தைக் காயில் போடுவேன் என்றார் அவர். கசக்கிறது என்று சொல்கிறவர்களிடம் என் பெயரைச் சொல்லப் போவதாகவும் சொன்னார்.

சொல்லியும்விட்டார். இப்போது படகுத்துறைப் பக்கம் மீன் வாங்கப் போனால், உச்சமுனையிலிருந்து வருகிறவர்கள் வலையைப் போட்டுவிட்டு நிமிர்ந்து, "மிஸ், மரம் எப்பிடி?" என்று கேட்கிறார்கள். முகம் தெரியாத ஆட்கள்கூட. நடவடிக்கையில் இருக்கிறது என்று சொல்கிறேன். சொல்லிவிட்டு, மீனையும் தூக்கிக்கொண்டு, வேகமாக வீட்டுக்கு வருகிறேன். ராத்தாவின் கிணற்றடியில் நான்கு கன்றுகளும் முழங்கால் உயரத்தில் நிற்கின்றன. வேலிக்கு இந்தப் பக்கம், கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அவற்றைப் பார்த்தபடி நிற்கிறேன்.